நாடாளும் ஆட்டமும் நம் மலைநாடும்

அரசாள்வது எளிதா என்று எவரேனும் வினவினால், ஹற்றனிலோ நுவரெலியாவிலோ மாலை வேளையில் கணினி முன் அமர்ந்திருக்கும் இளைஞன் ஒருவனைக் காட்டிவிடலாம். வரி விதிப்பதும், இருப்புப்பாதை அமைப்பதும், சட்டம் இயற்றுவதுமாக அவன் ஒரு தேசத்தையே கட்டியெழுப்பிக்கொண்டிருப்பான். வீண் பொழுதுபோக்கு என்று வீட்டுப் பெரியோர் கடிந்துகொள்வர். அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூற நாம் விரும்பவில்லை.

அரசியலையும் போரையும் ஆட்டமாக்கிப் பயிலுவது புதிய வழக்கமன்று. சதுரங்கமும் ஆடுபுலியாட்டமும் நம்மவர்க்குப் பழக்கமானவை. பிரஷ்யப் படையதிகாரிகளின் பயிற்சிக்கென ரைஸ்விட்ஸ் என்பார் 1824இல் ஒரு போர் விளையாட்டை வகுத்தளித்தார். இன்று சுவீடன் தேசத்துப் பரடொக்ஸ் நிறுவனம் வெளியிடும் ஆட்டங்களோ போரோடு நில்லாமல், உற்பத்தி, வாணிகம், சட்டம் யாவற்றையும் ஆடுவோன் கையில் ஒப்படைக்கின்றன. அவற்றுள் ‘விக்டோரியா’ என்னும் வரிசை நம் கவனத்துக்குரியது. அதன் மூன்றாம் ஆட்டம் 2022இல் வெளிவந்தது. கதை நிகழும் காலம் 1836 முதல் 1936 வரை.

அந்த நூறாண்டு யாருடைய நூறாண்டு என்று எண்ணிப் பாருங்கள்! கோப்பிக் காலத்திலே நம் முன்னோர் கடல் கடந்து, மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. 1884இல் புகையிரதம் ஹற்றனுக்கு வந்தது. மறு ஆண்டு நானுஓயாவை எட்டியது. மலைநாடு உருவானது முழுதும் அவ்வாட்டத்தின் நாட்காட்டிக்குள் அடங்கிவிடுகின்றது.

ஆட்டத்திலே குடிகள் தனி மனிதராகத் தோன்றுவதில்லை. தொழில், இனப்பண்பாடு, சமயம் ஆகியவற்றால் வகுக்கப்பட்ட தொகுதிகளாகவே தோன்றுவர். ஒவ்வொரு தொகுதிக்கும் வருவாய் உண்டு, செலவு உண்டு, வாழ்க்கைத்தரம் உண்டு. அது தாழுமாயின் மனக்கசப்பும் உண்டு. தேயிலைத் தோட்டம் ஒன்றை எழுப்பினால் அதில் உழைக்கக் கைகள் வேண்டும். சந்தையில் தேயிலை விலை சரிந்தால் அத்தோட்டத்தின் இலாபமும் சரியும். இவையெல்லாம் மெய்யே. ஆயினும் கங்காணியின் முன்பணமும், கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் போகவொட்டாது தடுத்த துண்டு முறையும் அங்கே இல்லை. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அத்துண்டுச் சீட்டே பல குடும்பங்களின் விதியாயிருந்தது. லயத்து அறையின் புகையையும் பிரட்டுக்களத்தின் விடியற் குளிரையும் எண்களால் காட்ட இயலாது என்பது கிடக்கட்டும். கடனையாவது காட்டியிருக்கலாம் என்பது நம் குறை.

எனினும் ஓரிடத்தில் இவ்வாட்டம் நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. குடியுரிமை பற்றிய சட்டங்கள் அதில் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரே இனத்தார்க்கு மட்டும் உரிமை தருவது ஒரு கோடி. எவ்வினத்தாரையும் ஏற்பது மறு கோடி. ஆடுவோன் ஒன்றைத் தெரிந்து நிறைவேற்றியதும், எங்கோ ஓரிடத்தில் ஓர் இனத் தொகுதி வாக்கற்றதாகிவிடும். திரையிலே அது ஒரு சிறு குறி மாற்றம். கவனியாது அடுத்த வேலைக்குப் போய்விடுவோரும் உளர்.

மலைநாட்டுப் பிள்ளை கவனியாதிருக்கலாகுமா? 1931இல் வயது வந்தோர் வாக்குரிமை இந்நாட்டுக்குக் கிடைத்தது. நம்மவரிலும் ஒரு பகுதியினர் வாக்களித்தனர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நம்மவரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர், வாக்கும் போயிற்று. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974வரை தள்ளிவைக்கப்பட்டது. எந்தக் கணினியும் இதனினும் கூசாமல் மனிதரை எண்ணியதில்லை. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு வழிசெய்த சட்டம் 2003இல் நிறைவேறியது. ‘விக்டோரியா’ வரிசையின் முதல் ஆட்டம் கடைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்!

பெற்றோர்க்கு ஒரு யோசனை. பிள்ளை அக்குடியுரிமைச் சட்டப் பக்கத்தைத் திறக்கும்போது, பெட்டியின் அடியில் உள்ள பழைய பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் கொண்டுவந்து அருகில் வையுங்கள். ஆட்டம் 1936இல் நின்றுவிடும். பாட்டனாரின் விண்ணப்பமோ அதற்குப் பின்னர் எழுதப்பட்டது.