தோட்டாவின் கூடு: பித்தளையா, எஃகா?

1806 ஜூலை 10, விடியற்காலை. வேலூர்க் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் எழுந்து தாக்கியதில் 69ஆம் படைப்பிரிவின் வெள்ளைக்காரப் படைவீரர்கள் நூறு பேருக்கு மேல் மடிந்தார்கள். தப்பியவர்கள் மதில்மேல் ஒதுங்கித் தாக்குப்பிடித்தார்கள். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கர்னல் கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறிப் பார்த்தபோது, அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது, தோட்டா தீர்ந்துபோயிருந்தது. துப்பாக்கி முனையில் செருகிய கத்தியை நம்பித்தான் அவர் அவர்களை முன்னே நடத்தினார்.

இந்தப் புரட்சி என்றாலே புதிய தலைப்பாகையும் அதில் வைத்த தோல் சின்னமும்தான் பேசப்படும். அது நியாயம்தான். ஆனால் அன்று மதில்மேல் தீர்ந்துபோன அந்தத் தோட்டாவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது வெறும் காகிதப் பொட்டலம். உள்ளே ஒரு ஈயக் குண்டு, கொஞ்சம் வெடிமருந்து. பொட்டலத்தின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். நன்றாகப் பழகிய கைக்கே நிமிடத்துக்கு மூன்று முறை சுட முடிந்தால் பெரிது. அரை நூற்றாண்டு கழித்து, 1857இல், இதே காகிதத்தில் தடவிய கொழுப்புதான் வட இந்தியாவைப் பற்றவைத்தது. வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலைக் கிராமங்களில் போலீஸார் அவ்வப்போது ஒப்படைக்கச் சொல்லும் நாட்டுத் துப்பாக்கிகளும் இந்தக் குடும்பம்தான். மருந்தும் ரவையும் முன்பக்கமாகவே போகும். கூடு என்று ஒன்று கிடையாது.

இன்றைய தோட்டாவில் குண்டைவிட அதிகம் வேலை செய்வது அந்தக் கூடுதான். விசையை இழுத்ததும் உள்ளே ஏறும் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். அந்த நொடியில் கூடு உப்பி, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் சுடுபவரின் முகத்தை நோக்கிச் சீறாமல் அடைக்கிறது. குண்டு வெளியேறியதும் கூடு பழைய அளவுக்குச் சற்றே சுருங்க வேண்டும். சுருங்கினால்தான் கழன்று வரும். உப்புவதும் சுருங்குவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தாக வேண்டும். நூறில் எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இந்த வேலைக்கே பிறந்தது போன்ற உலோகம். நூறாண்டுகளுக்கும் மேலாக அதை யாரும் முழுதாக அசைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் இந்தச் சுருக்கம் உயிர்நாடி. குழலிலிருந்து திருப்பிவிடப்படும் வாயு பிஸ்டனைத் தள்ள, அது போல்ட்டைப் பின்னே இழுக்க, போல்ட்டில் உள்ள கொக்கி காலிக் கூட்டின் அடிவிளிம்பைப் பற்றி வெளியே எறிகிறது. கையால் இழுக்கும் பழைய .303 ரைபிளில் கூடு சிக்கினால் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்து இழுக்கலாம். செமி ஆட்டோமேட்டிக்கில் வாயு கொடுத்த பலம் மட்டுமே உண்டு. அது போதவில்லை என்றால் துப்பாக்கி நின்றுவிடும்.

நம் நாட்டில் இந்த வகைக்கு எல்லாரும் அறிந்த உதாரணம் எஸ்எல்ஆர். 1962 சீனப் போருக்குப் பிறகு ஈஷாப்பூர் ஆலையில் உருவாகி, ராணுவத்திலும் போலீஸிலும் பல பத்தாண்டுகள் உழைத்த 7.62 மி.மீ. ரைபிள். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்றொரு ஊர் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது படையில் சேர்வதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர். அந்த ஊரின் மூத்த தலைமுறைக்கு எஸ்எல்ஆர் தோளில் பழகிய சுமை. அதன் வாயு அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. துப்பாக்கி அழுக்கேறிச் சோர்ந்தால் வாயுவைக் கொஞ்சம் கூட்டிவைக்கலாம். அதற்கு ஊட்டப்பட்டதெல்லாம் பித்தளைக் கூட்டுத் தோட்டா.

எஃகு எங்கிருந்து வந்தது? பற்றாக்குறையிலிருந்து. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குச் செம்பு போதவில்லை. எஃகுக் கூட்டுக்கு அரக்குப் பூசித் தோட்டா செய்தார்கள். சோவியத் ஒன்றியம் அந்த வழியை நிரந்தரமாக்கியது. 1943இல் அது வடிவமைத்த 7.62×39 தோட்டாவைத்தான் பின்னாளில் கலாஷ்னிகோவின் ஏகே துப்பாக்கி உலகமெங்கும் கொண்டுபோனது. எஃகு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது பித்தளையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பானது. உப்பிய பின் குறைவாகவே சுருங்கும்.

சோவியத் பொறியாளர்கள் இதற்கு வடிவத்திலேயே விடை கண்டார்கள். கூட்டை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் நன்றாகச் சரித்தார்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய எவர்சில்வர் டம்ளர்களில் மேலே உள்ளதை ஒரு விரற்கடை தூக்கினாலே முழுவதும் விட்டுப்போகுமே, அதே சூட்சுமம். ஏகே துப்பாக்கியின் மேகசின் வாழைப்பழம் போல வளைந்திருப்பதும் இதனால்தான்: சரிவான தோட்டாக்களை அடுக்கினால் வரிசை தானாக வளையும். சினிமா சுவரொட்டியில் ஆயிரம் முறை பார்த்த அந்த வளைவுக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது. எஸ்எல்ஆரின் 7.62×51, அமெரிக்க வகை ரைபிள்களின் 5.56 ஆகிய தோட்டாக்களுக்கு இந்தச் சரிவு குறைவு. பித்தளையை மனத்தில் வைத்தே அவற்றை வரைந்தார்கள்.

1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு மரபுகளும் நேருக்கு நேர் நின்றன. இந்திய அமைதிப்படையின் கையில் நீளமான, கனமான எஸ்எல்ஆர். புலிகளின் கையில் சீனத் தயாரிப்பான டைப் 56 உள்ளிட்ட ஏகே வகைகள். சீன, சோவியத் ஆலைகளிலிருந்து அந்தத் துப்பாக்கிகளுக்கு வந்த தோட்டாக்களில் பெரும்பகுதி எஃகுக் கூடு. பனந்தோப்பும் சந்துகளுமாக இருந்த அந்த மண்ணில் நெருங்கிய சண்டைக்கு ஏகே கைகொடுத்தது. பின்னர் இந்திய ராணுவமே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏகே வகைகளை வாங்கியது. கூட்டின் உலோகம் அந்த வெற்றி தோல்விகளைத் தீர்மானித்தது என்று சொல்ல வரவில்லை. எஃகுக் கூடு என்றாலே சிக்கும் என்ற பேச்சுக்கு யாழ்ப்பாணம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் வருவது ஒரு மரபின் தோட்டாவை இன்னொரு மரபின் துப்பாக்கிக்குள் போடும்போது. 2013இல் அமெரிக்கத் தோட்டா விற்பனை நிறுவனமான லக்கி கன்னர் ஒரு சோதனையை வெளியிட்டது. ஒரே மாதிரியான நான்கு 5.56 வகை ரைபிள்கள். ஒன்றுக்குப் பித்தளைக் கூடு, மூன்றுக்கு ரஷ்ய எஃகுக் கூடு. ஒவ்வொன்றுக்கும் 10,000 தோட்டா இலக்கு. பித்தளை ஊட்டிய ரைபிள் ஒருமுறைகூட நிற்கவில்லை. எஃகு ஊட்டியவற்றில் தடங்கல்கள் வந்தன. ஒன்று பாதியிலேயே சோதனையிலிருந்து விலக்கப்பட்டது. மற்ற இரண்டின் குழல்களும் இலக்கை எட்டும் முன்பே தேய்ந்து, குறி தவறத் தொடங்கின.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குழலைத் தேய்த்தது கூடு அல்ல. கூடு குழலுக்குள் போவதே இல்லை. அந்த மலிவுத் தோட்டாக்களின் குண்டுக்கு மேலுறையும் செம்பு முலாம் பூசிய எஃகுதான், தேய்த்தது அது. கூடு செய்த தொந்தரவு வேறு: சேம்பரை முழுதாக அடைக்காமல் புகைக்கரியைப் பின்னே கசியவிடுவது. அரக்கு உருகி ஒட்டிக்கொள்கிறது என்று பலரும் நம்புவதும் பெரும்பாலும் இந்தக் கரியைப் பார்த்துத்தான். இத்தனைக்கும் தோட்டாவில் மிச்சமான பணத்தில் புதுக் குழலே வாங்கிவிடலாம் என்பதும் அதே சோதனையின் கணக்கு. விளையாட்டுக்குச் சுடுபவருக்கு அது லாபம். காவலில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்தாக வேண்டும். 2017 டிசம்பர் 31இல் காஷ்மீரின் லேத்போராவில் சிஆர்பிஎஃப் பயிற்சி முகாம் தாக்கப்பட்டு ஐந்து வீரர்கள் இறந்தார்கள். குண்டு துளைக்காத கேடயத்தையும் துளைத்த எஃகுத் தோட்டா பற்றி அப்போது செய்திகள் வந்தன. அங்கே எஃகு இருந்தது குண்டின் நடுவில், கெட்டியான கருவாக. கூடு எஃகாலானதா பித்தளையாலானதா என்பதற்கும் கேடயம் துளைபடுவதற்கும் தொடர்பே இல்லை. காந்தம் வைத்துப் பார்த்து ஆபத்தான தோட்டா என்று முடிவு கட்டுவதும் இதனால் பிழை. கூடு, மேலுறை, கரு, எது எஃகானாலும் காந்தம் ஒட்டும்.

தோட்டாவின் எதிரி சிக்கல் மட்டுமல்ல, துருவும்தான். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிப் பதமான ஈரத்தோல்மேல் ஒரு இரும்பு ஆணி கிடந்தால் போதும், அந்த இடம் மைபோலக் கறுத்துவிடும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை. அதே வகைத் தோலில் தைத்த தோட்டாப் பட்டியில் பித்தளைத் தோட்டாவை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பச்சைக் களிம்பு பூக்கும். துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். எஃகுக் கூட்டில் அரக்கு எங்காவது உரிந்திருந்தால் அங்கே துரு அரித்து உள்ளே இறங்கும். மழைக்காலத்தில் ஆயுதக் கிடங்கைக் காப்பவர் பார்க்க வேண்டியது இந்தப் புள்ளிகளைத்தான்.

இந்தியாவில் சாதாரணக் குடிமகன் கையில் இந்த வகை ராணுவ ரைபிள் இருக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே இந்தக் கேள்வி நம் ஊரில் படைக்கும் போலீஸுக்கும் உரியது. அங்கே இது பழங்கதையும் அல்ல. 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி உத்தரப் பிரதேசத்தின் கோர்வா ஆலையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 ரைபிள்கள் தயாராக வேண்டும். தோட்டா அதே சரிவான 7.62×39. எஃகுக் கூடு கிடைத்தாலும் சமாளிக்கும் துப்பாக்கி அது. கூடவே எல்லையில் 7.62×51 சுடும் சிக் 716 ரைபிள்களும் இருக்கின்றன. அவை பித்தளை மரபு. பெயரளவில் இரண்டுமே 7.62. கம்மவான்பேட்டையிலிருந்து இனி படைக்குப் போகிறவர் ஒன்றின் தோட்டாவை மற்றொன்றில் போட முடியாது என்பதோடு, எதன் சேம்பரை எவ்வளவு அடிக்கடி துலக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே படித்தாக வேண்டும்.