மென்பொருள் வாங்குவோர் கவனத்திற்கு

விதை வாங்கச் செல்லும் விவசாயி, மூட்டையில் நீல நிறச் சான்றட்டை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் தருகிறார். ஆனால் கூட்டுறவுச் சங்கத்திற்கோ மகளிர் குழுவிற்கோ கணினி மென்பொருள் வாங்கும்போது, இணையத்தில் விலை மலிவு என்று கண்டதும் விசாரணையின்றி வாங்கிவிடுகிறோம்.

மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் கிரயம், அதனை உபயோகிக்கும் அனுமதிக்கே ஆகும். உதாரணமாக, விண்டோஸுக்கு அவ்வனுமதி எழுத்தும் எண்ணுமாக 25 குறிகள் கொண்ட சாவித் தொடராக வருகிறது. தனியே விற்கப்படும் உரிமத்தை ஒரு கணினியிலிருந்து நீக்கி மற்றொன்றிற்கு மாற்றலாம். புதிய கணினியோடு வருவது அந்த இயந்திரத்தோடே முடிந்துவிடும். நிறுவனங்களும் கல்லூரிகளும் மொத்தமாகப் பெறும் உரிமம் வேறு வகை. அதிலிருந்து ஒரு சாவியைப் பிரித்து வெளியாருக்கு விற்க, பெற்றவர்களுக்கே அதிகாரம் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கூவி விற்கப்படும் சாவிகளில் பல இவ்வாறு கசிந்தவையே. தமக்கு உரிமையில்லாததை ஒருவர் விற்றால், வாங்குபவருக்கு மட்டும் உரிமை எங்கிருந்து வரும்?

இதில் வேடிக்கை யாதெனில், அத்தகைய சாவியும் முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும்! பின்னர் நிறுவனம் அதனை முடக்கும்போது, விற்றவரின் கடையே இணையத்தில் காணப்படாமற் போகலாம். சாவியே தேவையில்லை என்று கூறித் தரப்படும் 'கிராக்' கோப்பு இதனினும் கொடியது. வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு இதனை ஓட்டுங்கள் என்று அது கேட்கும். அங்கத்தினர்களின் பெயர்களும் வங்கிக் கணக்கு எண்களும் உள்ள கணினியில் இதற்கு இணங்குவது, திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே விற்பவரிடம் முதலில் ரசீதைக் கேட்க வேண்டும். அதில் காணும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். ரசீது தர மறுத்து, தனிநபர் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொல்பவரை அப்போதே விட்டு விலகுவது உத்தமம். பெரிய வணிகத் தளங்களிலும் வெளியார் பலர் கடை விரித்திருப்பதால், விற்பவர் பெயரைத் தனியே நோக்க வேண்டும். மென்பொருளை ஆக்கிய நிறுவனத்தின் இணையதள முகவரியை நாமே தட்டச்சு செய்து, அங்கேயோ அது அறிவித்துள்ள முகவர்களிடமோ வாங்குவதே சிலாக்கியம். வீட்டு உபயோகத்திற்கான சில உரிமங்கள் வியாபாரத்திற்குச் செல்லா என்பதும் கவனிக்கத் தக்கது.

திருட்டுப் பிரதி என்று அறிந்தே உபயோகிப்பவருக்கு, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. லாப நோக்கமின்றி உபயோகித்தவருக்குச் சிறைத் தண்டனை விதிக்காமல் விடவும், அபராதத்தைக் குறைக்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

பணவசதி இல்லாத சங்கம் குறுக்கு வழியை நாட வேண்டிய அவசியமே இல்லை. கடிதம் எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் 'லிப்ரே ஆபீஸ்' முற்றிலும் இலவசமாக, உரிமையோடு கிடைக்கிறது. சங்க வேலைக்கும் தடையின்றி உபயோகிக்கலாம். போலி விற்பனையாளரிடம் பணம் இழந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்ய வேண்டும். அப்பணம் மோசக்காரரின் கணக்கிலிருந்து வெளியேறுமுன் வங்கி அதனைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.