சிஐடி சங்கரின் தலைவாசல்

மேச்சேரியில் என் வேலை மதியம் மூன்றரைக்கே முடிந்துவிட்டது. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை ஒன்றுக்குத் தோல் பார்த்து வாங்குவது என் பிழைப்பு. மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, வெளிர் பழுப்பில் குட்டை முடி மட்டும்தான். தோலுக்கு அத்தனை மவுசு. உப்புப் போட்டு மடித்து வைத்ததை ஒவ்வொன்றாக விரித்து, விரலால் நீவி, ஓட்டையும் கீறலும் பார்த்து முடித்தேன். மற்ற நாளாக இருந்தால் அறைக்குப் போய்ப் படுத்திருப்பேன். அன்று ஓமலூர் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸில் தாவி ஏறினேன். மாடர்ன் தியேட்டர்ஸ் பார்க்கப் போகிறேன்!

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜெய்சங்கர் படம். 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' (இரண்டும் 1966), 'சிஐடி சங்கர்' (1970) என்று வரிசையாக கேசட் வாங்கி வைத்திருந்தார் அப்பா. வேதாவின் இசை ஆரம்பித்தாலே நானும் தம்பியும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து ஒற்றறியப் போய்விடுவோம். படத் தொடக்கத்தில் பெயர் வரும் அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் கம்பெனி சேலத்தைச் சேர்ந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அதை ஆரம்பித்தவர் திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம். இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில் படித்தவர். திரும்பி வந்து 1935-ல் ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஸ்டுடியோ போட்டார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். எடுத்த காட்சி எப்படி வந்திருக்கிறதென்று பார்க்கச் சென்னைக்குப் பெட்டி அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். 1963-ல் அவர் மறைந்த பிறகு மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். ஜெய்சங்கரின் துப்பறியும் படங்கள் வந்தது அவர் காலத்தில்.

ஆனால் அங்கே துப்பறிதல் ஜெய்சங்கரோடு ஆரம்பிக்கவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை எடுத்து, 1950-லேயே 'திகம்பர சாமியார்' கொடுத்துவிட்டார் சுந்தரம். துப்பறிபவர் யார் தெரியுமா? எம்.என்.நம்பியார்! நமக்கு வில்லனாகவே பழகிய அந்த முகம், குற்றவாளியைப் பிடிக்கப் பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடம் போடுகிறது. ஒரு மனுஷர், ஒரு கண்ணாடி, எதிரே வரிசையாக ஒட்டுத் தாடியும் மீசையும். அந்த மேக்கப் அறையின் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்காரக் கிடைத்தால் இந்த மாதச் சம்பளத்தையே கொடுத்துவிடுவேன்.

சேலத்தில் இறங்கி மாடர்ன் தியேட்டர்ஸுக்கு ஆட்டோ பிடித்தேன். “ஆர்ச்சுங்களா? ஏறுங்கக்கா” என்றார் டிரைவர். அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் போய் நிறுத்தினார்.

ஆர்ச் நின்றுகொண்டிருந்தது! ஸ்டுடியோ போய்விட்டது. தளங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது வீடுகள். தலைவாசல் வளைவு மட்டும் தன் பெயரைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறது. எம்.ஜி.ஆர்., கருணாநிதி, கண்ணதாசன் எல்லாரும் நுழைந்த வாசல். தூணில் உள்ளங்கையை வைத்தேன். வெயில் இறங்கியும் சூடு ஆறவில்லை. மேச்சேரி உப்பு இன்னும் விரலிடுக்கில் நெருநெருத்தது.

என் கண்ணுக்கு அங்கே வீடுகளே தெரியவில்லை. பலகையும் சாக்குத்துணியும் பிளாஸ்டரும் சேர்ந்து எழுந்த ரகசிய மாளிகை தெரிந்தது. மேலே பரணிலிருந்து ஒருவர் விளக்கைத் திருப்புகிறார். நடிகை சகுந்தலா நடந்து வருகிறார். 'சிஐடி சங்கர்' வந்த பிறகு 'சிஐடி' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2024-ல் காலமானபோதும் செய்தித்தாள்கள் சிஐடி சகுந்தலா என்றே எழுதின.

“யாரைத் தேடறீங்க கண்ணு?” என்றார் பூக்கூடையோடு வந்த ஓர் அம்மா.

“ஸ்டுடியோவப் பார்க்க வந்தேங்கம்மா.”

“அட, அதுக்குன்னே வந்தீங்களா!” என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவரும் என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார்.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு ஆர்ச்சைக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்.

“பாப்பா, பின்னாடி மலை இருக்குமே, அதையும் காட்டும்மா.”

போனைத் திருப்பினேன். ஏற்காட்டு மலை நீலம் பூத்து நின்றது.

“இன்னும் கொஞ்சம் மேல தூக்கு” என்றார் அப்பா.