காரோட்டிகளின் கேலியும் நமது ரோஷமும்

மும்பையில் வேலை பார்க்கும் எவருக்கும் டப்பாவாலாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளைக் குல்லாய், தலையில் நீண்ட மரத்தட்டு, அதில் வரிசையாக டிபன் கேரியர்கள். டப்பாவின் மூடியில் எழுதிய நாலைந்து எழுத்தும் எண்ணும்தான் அவருக்கு விலாசம். எண்ணெய் போட்ட இயந்திரம் போல ஓடும் இந்த ஏற்பாட்டை, "ரயில் எதற்கு? நாங்கள் காரிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு 2011-ல் மூன்று வெள்ளைக்காரர்கள் இந்நகரத்தில் வந்திறங்கினார்கள். பி.பி.சி. டெலிவிஷனின் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்காரர்கள் அவர்கள்.

அந்த வருடம் டிசம்பர் 28-ல் ஒளிபரப்பான அவர்களது இந்தியப் பயணம், அடுத்த மாதமே லண்டனிலுள்ள நமது ஹைகமிஷன் பி.பி.சி.க்குக் கண்டனக் கடிதம் எழுதும் அளவுக்குப் போயிற்று. கார் ஓட்டும் நிகழ்ச்சிக்கும் ராஜாங்கக் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூன்று வேஷங்கள்

டாப் கியர் 1977-ல் பர்மிங்ஹாமில் வட்டார நிகழ்ச்சியாகப் பிறந்தது. எந்தக் கார் நன்றாக ஓடும், எதை வாங்கலாம் என்று நிதானமாகச் சொல்லும் சாதுவான நிகழ்ச்சி அது. 2002-ல் அதற்குப் புதிய உருவம் கொடுத்தார்கள். கார் பின்னால் போயிற்று; காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முன்னால் வந்தார்கள்.

அந்த மூவருக்கும் மூன்று வேஷங்கள். ஜெரிமி கிளார்க்ஸன் நெடிய உருவம், உரத்த குரல், எந்த விதிக்கும் கட்டுப்படாத முரட்டு ஆசாமி. ரிச்சர்டு ஹாமண்ட் குள்ளமானவர், துறுதுறுப்பானவர். அவருக்கு 'வெள்ளெலி' என்று பட்டப்பெயர். ஜேம்ஸ் மே எதையும் அளந்து நிறுத்திச் செய்பவர். 'கேப்டன் ஸ்லோ' என்று அவரைக் கேலி செய்வார்கள். ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுவதும், சவடால் அடித்துவிட்டு நடுரோட்டில் கார் நின்றுபோய் விழிப்பதும்தான் நிகழ்ச்சியின் சாரம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உலகமெங்கும் 35 கோடிப் பேர் பார்ப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது.

தங்களையே கேலி செய்துகொண்ட வரையில் தொல்லையில்லை. கேலி அடுத்தவர் பக்கம் திரும்பியபோதுதான் வந்தது வினை.

கேலிக்கு ஆளானவர்கள்

2008 நவம்பரில் லாரி ஓட்டிக் காட்டும் ஒரு நிகழ்ச்சி. லாரி டிரைவரின் வேலை கியர் மாற்றுவதும், கண்ணாடியைப் பார்ப்பதும், விலைமாதரைக் கொல்வதும்தான் என்ற பொருளில் கிளார்க்ஸன் பேசினார். 2006-ல் இப்ஸ்விச் நகரில் ஐந்து பெண்கள் கொலையுண்ட துயரம் பிரிட்டனில் ஆறாமலிருந்த காலம் அது. நூற்றுக்கணக்கான புகார்கள் வந்தன. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் 'ஆஃப்காம்' அமைப்பு, விதி மீறப்படவில்லை என்று சொல்லிவிட்டது.

2011 ஜனவரியில் மெக்ஸிகோவின் முறை. அந்நாட்டு மக்கள் சோம்பேறிகள், அவர்கள் செய்யும் காரும் அப்படித்தான் இருக்கும் என்று ஹாமண்ட் தொடங்கினார். மெக்ஸிகோ தூதர் டெலிவிஷன் முன்னால் தூங்கிக்கொண்டிருப்பார், அதனால் புகார் வராது என்றார் கிளார்க்ஸன். தூதர் எடுவார்டோ மெடினா மோரா தூங்கவில்லை, கடிதம் எழுதினார். தூதரைப் பற்றிய பேச்சுக்கு பி.பி.சி. வருத்தம் தெரிவித்தது. ஆனால் ஒரு நாட்டாரை இன்ன குணத்தவர் என்று கேலி செய்வது பிரிட்டிஷ் நகைச்சுவையின் ஒரு பகுதியே என்றும் கூறிற்று. இந்த முறையும் ஆஃப்காம் குற்றம் காணவில்லை.

அதே ஆண்டு இறுதியில் வந்ததுதான் இந்தியப் பயணம். பிரிட்டிஷ் வியாபாரத்தை வளர்க்க வந்த தூதுக்குழு என்று வேடிக்கையாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஜாகுவார், ரோல்ஸ் ராய்ஸ், மினி ஆகிய மூன்று பழைய கார்களில் மும்பையிலிருந்து இமயமலை வரை போனார்கள். கிளார்க்ஸனின் ஜாகுவாரின் பின்புறத்தில் ஒரு கக்கூஸ் பீங்கான் பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வயிறு கெட்டுவிடுமாம், அதற்காக! ரயில் பெட்டிகளில் ஆங்கில விளம்பரத் துணி கட்டி, பெட்டிகள் பிரியும்போது துணி கிழிந்து ஆபாசச் சொல்லாகும்படி செய்தார்கள். விருந்தினர் நடுவே கிளார்க்ஸன் கால்சட்டையைக் கழற்றி, அதைத் தேய்க்கும் இயந்திரத்தை விளக்கினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவைக் கேலி செய்யக் கக்கூஸ் பொருத்தினார்களே, அந்த ஜாகுவார் கம்பெனியை மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டாடா மோட்டார்ஸ் 2008-லேயே விலைக்கு வாங்கியிருந்தது. அவர்கள் கேலி செய்தது நூறு வருடத்துக்கு முந்தைய இந்தியாவை. இந்த மாதிரிக் கேலியின் பெரிய பலவீனமே இதுதான்: எதிரில் இருப்பதை அது பார்ப்பதில்லை, பாட்டன் சொன்ன கதையையே திருப்பிச் சொல்கிறது.

"விளையாட்டுக்குத்தான்"

ஹைகமிஷனின் கடிதத்துக்கு பி.பி.சி. தரப்பில் கிடைத்த சமாதானம், இந்திய மக்களையோ பண்பாட்டையோ இழிவு செய்யும் நோக்கமில்லை என்பது. இது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கால்சட்டை இல்லாமல் நின்று அசடு வழிந்தது கிளார்க்ஸன்தான். அங்கிருந்த இந்தியர்கள் அல்லர்.

ஆனால் வேஷத்துக்கும் ஒரு தர்மம் உண்டு. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்வான். துரியோதனன் மீசையைப் பற்றிப் பேசுவான். ஊர் சிரிக்கும். பலமுள்ளவனைப் பலமில்லாதவன் கிண்டல் செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. முன்பு டாப் கியருக்கு விருந்தாளியாகப் போய்வந்த ஆங்கில நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் கூகனே, மெக்ஸிகோ விவகாரத்தின்போது பத்திரிகையில் எழுதி இவர்களைக் கண்டித்தார். நகைச்சுவை பலமுள்ளவர்களைக் குறிவைக்க வேண்டும் என்பதே அவர் கட்சி.

2014 மார்ச்சில் பர்மா பயணத்தைக் காட்டினார்கள். மூவரும் சேர்ந்து கட்டிய மூங்கில் பாலத்தின் மீது உள்ளூர்க்காரர் ஒருவர் நடந்து போகிறார். பாலத்தில் 'சரிவு' இருக்கிறது என்கிறார் கிளார்க்ஸன். அவர் சொன்ன ஆங்கிலச் சொல், அப்பகுதி ஆசிய மக்களைக் குறிக்கும் வசைச்சொல்லும் கூட. தயாரிப்பாளர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். அந்த வருடம் ஜூலையில் ஆஃப்காம், விதி மீறப்பட்டது என்று முடிவு சொன்னது. மெக்ஸிகோவுக்கு ஒரு தூதர் இருந்தார், இந்தியாவுக்கு ஹைகமிஷன் இருந்தது. பாலத்தில் நடந்துபோன அந்த மனிதருக்கு யார் இருந்தார்கள்?

வேஷம் கலைந்த இரவு

2015 மார்ச் 4. நாள் முழுவதும் படப்பிடிப்பு முடிந்து யார்க்‌ஷயரில் ஒரு ஹோட்டலுக்கு வந்த கிளார்க்ஸனுக்குச் சூடான சாப்பாடு கிடைக்கவில்லை. அதற்காகத் தம்முடன் வேலை பார்த்த இளைய தயாரிப்பாளர் ஒருவரை வாய்க்கு வந்தபடி ஏசி, அடித்தும் விட்டார். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் அயர்லாந்துக்காரர்; ஏச்சில் அதுவும் சேர்ந்திருந்தது.

கேமரா இல்லாத இடத்தில் நடந்த இதை வேஷம் என்று சொல்ல முடியவில்லை. "கிளார்க்ஸனை நீக்காதே" என்று பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பி.பி.சி.க்குக் கோடிகளைக் கொட்டிய நிகழ்ச்சி அது. இருந்தும் மார்ச் 25-ல், அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று நிறுவனத்தின் தலைவர் டோனி ஹால் அறிவித்தார். மறுவருடம் கிளார்க்ஸன் அந்தத் தயாரிப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடும் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார். நாடுகளைக் கேலி செய்தபோது போகாத வேலை, உடன் வேலை செய்த ஒருவரை அடித்ததால் போயிற்று.

மூவரும் அமேஸான் நிறுவனத்தில் வேறொரு நிகழ்ச்சி நடத்தி 2024-ல் அதையும் முடித்துக்கொண்டார்கள். பி.பி.சி. வேறு ஆட்களை வைத்து டாப் கியரை ஓட்டியது. 2022 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் ஃபிளின்டாஃப் படப்பிடிப்பில் பலத்த காயமுற்றார். 2023 நவம்பரில் நிகழ்ச்சிக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

நம் வீட்டுக் கண்ணாடி

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 1960-களில் இந்த நகரத்தில் லுங்கியைச் சொல்லித் தென்னாட்டவரை விரட்டப் பார்த்ததை மூத்த தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1968-ல் வந்த 'படோசன்' ஹிந்திப் படத்தில் குடுமியும் கோணல் ஹிந்தியுமாக மெஹ்மூத் நடித்த பாட்டு வாத்தியார் வேஷத்தைக் கண்டு தியேட்டரில் நாமும்தான் சிரித்தோம். மறுநாள் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் அதே குரலில் நம்மைக் கூப்பிட்டபோது சிரிப்பு வரவில்லை. ஒரு நடிகரின் கேலி திரையோடு முடிந்துவிடுவதில்லை. அது ஆபீசுக்கும் ரயில் பெட்டிக்கும் வந்து, நாம் வாயைத் திறக்கு முன்பே நாம் இன்னார் என்று முடிவு கட்டிவிடுகிறது.

அதே சமயம், நம்முடைய படங்களில் 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசும் சேட்டையும், டீக்கடை மலையாளியையும் கண்டு கை தட்டியவர்களும் நாமே. கிளார்க்ஸனைக் கண்டிக்கும் உரிமை நமக்கு நிச்சயம் உண்டு. அந்த உரிமை முழுமையாக வேண்டுமானால், சிரிக்குமுன் ஒரு கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: கேலிக்கு ஆளானவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால், அவரோடு சேர்ந்து நாம் சிரிக்க முடியுமா?

முடியுமென்றால் அது நகைச்சுவை. முடியாதென்றால் அது வேறு.