வாஞ்சையின் வேரை ஆராய்தல்

தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டவுடன் குற்றாலத்து அருவிகளில் நீர் பெருகுகிறது. வடகரை முதல் தென்காசி வரை சாரல் வீசும் அந்நாட்களில் எங்கும் மக்கள் திரள். உடல்நலம் நாடி வருவோர் உண்டு. வழிபட வருவோர் உண்டு. பொழுதுபோக்க வருவோரும் உண்டு. ‘எதற்காக வந்தாய்?’ என்று அருவி எவரையும் கேட்பதில்லை. திருச்சபையின் வாயிலில் நிற்கும் நாமோ கேட்கிறோம். கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. ஏனெனில் ஆவிக்குரிய வாஞ்சை எனப்படுவன யாவும் ஆண்டவர்மேல் கொண்ட வாஞ்சை அல்ல. எனினும் அக்கேள்வியை யாரிடம், எந்த மனநிலையோடு கேட்கிறோம் என்பதை நாம் சிந்தித்தாக வேண்டும்.

திருமறையின் போக்கு

திருமறை நோக்கங்களை ஆராயத் தயங்குவதில்லை. சீமோன் தூய ஆவியின் வல்லமையை விரும்பினான், ஆனால் அதைப் பணத்தால் பெற நினைத்தான் (அப். 8:18-23). கேட்டும் பெறாமைக்குத் தகாத நோக்கமே காரணம் என்கிறார் யாக்கோபு (4:3). அப்பம் உண்டதாலேயே மக்கள் தம்மைத் தேடுகின்றனர் என்று நம் ஆண்டவரும் வெளிப்படையாகக் கூறினார் (யோவான் 6:26).

ஆயினும் இவற்றோடு சேர்த்துக் காணவேண்டிய வேறு இரு பகுதிகள் உள்ளன. யோபு பயன் கருதாமலா கடவுளுக்கு அஞ்சுகிறான் என்று வினவியவன் யார்? சாத்தானே (யோபு 1:9). பிறருடைய பக்தியில் உள்நோக்கம் தேடுவது எப்போதும் தெய்வீகச் செயல் ஆகிவிடாது. இரண்டாவது, இளைய குமாரனின் மனந்திரும்புதல். அவனை வீட்டை நோக்கி எழச் செய்தது பசி (லூக்கா 15:17). தந்தை அதை விசாரிக்கவில்லை. மகன் சொல்ல எண்ணியிருந்ததைச் சொல்லி முடிக்குமுன்னரே விருந்துக்குக் கட்டளையிட்டார். பசியால் தொடங்கிய பயணம் தந்தையின் மார்பில் முடிந்தது.

பஞ்ச காலம் கற்பிக்கும் பாடம்

நமது திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறே இதற்குச் சான்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானோர் சபையை நாடி வந்தனர். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற ஏளனமும் உடன் எழுந்தது. 1877-இல் உதவிப் பேராயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்ட கால்டுவெல்லும் சார்ஜென்டும் இம்மக்களைப் பேணும் பொறுப்பை ஏற்க வேண்டியிருந்தது. உயர்ந்த நோக்கங்கள் உயர்ந்த உண்மைகளை அறிந்தபின்னரே தோன்றும், ஆதலால் மக்கள் முதலில் போதனையின் எல்லைக்குள் வரவேண்டும் என்பது கால்டுவெல் இதற்கு முன்பே கொண்டிருந்த கருத்து. விதைக்குமுன் கனியைக் கேட்பது முறையன்று. மழை பெய்தபின் விலகிப்போனவர்களும் உண்டு; நிலைத்து நின்று, சபையின் தூண்களானோரும் உண்டு.

1933-இல் பிக்கெட் வெளியிட்ட, இந்தியக் கிறிஸ்தவத் திரள் இயக்கங்கள் பற்றிய ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. மனமாறியோர் கூறிய நோக்கங்களை ஆவிக்குரியவை, உலகியல் சார்ந்தவை, சமூகம் சார்ந்தவை, பிறப்பால் அமைந்தவை என நான்காக அவர் வகுத்தார். வந்தபோதிருந்த நோக்கத்தைவிட, வந்தபின் கிடைத்த போதனையும் பராமரிப்புமே ஒருவரது விசுவாச வாழ்வை உருவாக்குவதில் மிகுந்த பங்கு வகிக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு.

ஏழையிடம் மட்டுமா?

1981 பிப்ரவரியில் தென்காசி வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினர். நாடெங்குமிருந்து வந்தோர் ‘பணமா, வேறு தூண்டுதலா?’ என்று அவர்களைத் துருவினர். அம்மக்களோ சாதி இழிவைச் சொன்னார்கள். இந்நிகழ்ச்சி நமக்கும் ஒரு கண்ணாடி. சபைகளிலும் சாதி நீங்காதிருக்க, மானம் தேடி வருபவரின் நோக்கம் தூயதன்று என்று கூற நமக்கு என்ன தகுதி உண்டு? மனித மாண்புக்கான ஏக்கம் ஆவிக்குரிய ஏக்கத்திற்குப் புறம்பானதா?

பல ஆண்டுகளுக்கு முன் வடகரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நோயுற்ற குழந்தையோடு ஒரு தாய் நம்மிடம் வந்தார். குழந்தை பிழைத்தால் திருமுழுக்குப் பெறுவதாகச் சொன்னார். நாம் அவருக்கு நோக்கத்தின் தூய்மையைப் பற்றி விளக்கினோம். தெளிந்தபின் வரச் சொன்னோம். அவர் திரும்பி வரவில்லை. நாம் கூறிய உபதேசத்தில் பிழை இல்லாதிருக்கலாம். குழந்தையின் தலைமேல் கைவைத்து ஜெபித்திருக்க வேண்டிய வேளையில் அதைக் கூறியதே பிழை.

நம்மை நாமே ஆராய்தல்

இக்கேள்விக்கு முதலில் உட்படவேண்டியவர்கள் ஊழியராகிய நாமே. எழுப்புதலை வாஞ்சிக்கிறோம், கடவுளின் மகிமைக்காகவா, நம் சேகரத்தின் பெயருக்காகவா? பிரசங்க வரத்தைக் கேட்கிறோம். மந்தை மேய்வதற்காகவா, நாம் போற்றப்படுவதற்காகவா? முற்றிலும் கலப்பற்ற நோக்கம் நம்மில் எவரிடமும் இல்லை. ஆயினும் வாஞ்சை எத்திசையில் வளர்கிறது என்பதை மூன்று அடையாளங்களால் அறியலாம்.

முதலாவது, கேட்ட நன்மை கிட்டாதபோதும் அது நிலைக்கிறதா? அப்பம் தேடி வந்த பலர் விலகிய நாளிலும், போவதற்கு வேறிடம் அறியாமல் பேதுரு நின்றார் (யோவான் 6:66-69). இரண்டாவது, அது அயலானிடத்தில் நம்மைக் கொண்டு சேர்க்கிறதா, அல்லது அவனிடமிருந்து பிரிக்கிறதா? மூன்றாவது, அது கண்டிப்பை ஏற்கிறதா? சீமோன்கூட, கண்டிக்கப்பட்டபின் தனக்காக மன்றாடும்படி வேண்டினான் (அப். 8:24).

ஆண்டவர் மக்களின் நோக்கத்தை அறிந்திருந்தும் அவர்களைத் துரத்திவிடவில்லை. அழிந்துபோகும் அப்பத்திலிருந்து அழியாத அப்பத்திற்கு அவர்களை அழைத்தார். ஆராய்ச்சி அவருக்கு அழைப்பின் ஒரு பகுதியாயிருந்தது. நமது ஆராய்ச்சியும் அவ்வாறே அமையுமாக.