உஷார்! வட்டக்கோட்டைக்குப் போகிறவர்கள் மதில் மேலேயே நில்லுங்கள்

கோடை விடுமுறைக்குக் கன்னியாகுமரி கிளம்புகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

கடல் சரியில்லாத நாளில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் விவேகானந்தர் பாறைக்கான படகை நிறுத்திவிடும். வரிசையில் நின்று ஏமாந்த கூட்டம் அடுத்து எங்கே போகும்? ஆறேழு கிலோமீட்டர் வடகிழக்கே, கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டைக்குத்தான். வேன்காரரும் அங்கேதான் கொண்டுபோய் விடுவார். கோட்டையைச் சுற்றிப் பார்த்த பிறகு பிள்ளைகள் ‘கடலில் கால் நனைக்கலாமா’ என்று கேட்பார்கள். பெரியவர்களும் சரி என்று சொல்லிவிடுவார்கள். பழகிய கைகள் ஓட்டும் பெரிய படகே போகக் கூடாது என்று கட்டிவைத்த அதே கடலில், நீச்சல் தெரியாத பிள்ளைகள் இறங்குகிறார்கள். இந்த ஒரு மணி நேரத்தில்தான் உயிர் போகும்.

கோட்டையைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. அவசியம் பாருங்கள். 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா முறியடித்தார். அந்தப் போரில் பிடிபட்ட டி லனாய் பின்னாளில் திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். அவருடைய மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்ட கோட்டை இது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து கடல் வரை நீண்டுகிடந்த எல்லை அரணின் தென்கோடி முனை. 1809இல், வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியின்போது, கும்பெனிப் படை ஆரல்வாய்மொழியில் அரணை உடைத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்தது. பிறகு அரண் அழிந்தது. வட்டக்கோட்டை தப்பி நிற்கிறது. மூன்றரை ஏக்கர் பரப்பு, இருபத்தைந்து அடி உயரக் கருங்கல் மதில், முன்பக்கத்தில் இருபத்தொன்பது அடி கனம். உள்ளே ஒரு குளம், கல்லில் செதுக்கிய மீன் சின்னங்கள். சரிவுப் பாதையில் ஏறி மேலே போனால் ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் காற்றாலைகளும், மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் நீலம். குமரி மாவட்டத்தில் இவ்வளவு அழகாகக் கடலைக் காட்டும் இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

அந்த அழகை மேலிருந்து பாருங்கள், கீழே இறங்காதீர்கள். மேலேயும் கைப்பிடிச் சுவரில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். ஆடிக் காற்று பெரியவர்களையே தள்ளாட வைக்கும்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்பவர்களுக்கு 2024 மே மாதத்தை நினைவுபடுத்துகிறேன். மே 6ஆம் தேதி, கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள். கடற்கரை மூடப்பட்டிருந்ததாகவும், தென்னந்தோப்பு வழியாகப் போய் இறங்கியதாகவும் அப்போது செய்திகள் வந்தன. அதற்கு முந்தின நாள்தான் இதே மாவட்டக் கடற்கரையில் வேறு உயிர்களும் போயிருந்தன. எச்சரிக்கை இல்லாமல் நடந்ததல்ல இது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ‘கள்ளக்கடல்’ வருகிறது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பு சுற்றுலா வந்தவர்களின் காதுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது அதன் பொருள் புரியவில்லை.

கள்ளக்கடல் புயல் மாதிரி முன்னறிகுறி காட்டி வராது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் கடுங்காற்று பெரிய அலைகளைக் கிளப்பிவிடுகிறது. அவை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. குமரிக்குத் தெற்கே அண்டார்டிகா வரை இவற்றைத் தடுக்கப் பெரிய நிலப்பரப்பு ஒன்றும் இல்லை. இங்கே வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது, மழை இருக்காது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி அதிகம் என்பதால் தண்ணீர் அடங்கிக் கிடப்பது போலவே தெரியும். அதை நம்பிப் பத்தடி முன்னால் போனவரைத்தான் அடுத்த அலை சாய்க்கிறது. திரும்பும் தண்ணீர் காலடி மணலையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. முழங்கால் ஆழம் என்ற கணக்கெல்லாம் அப்போது நிற்காது.

இந்த அலைகள் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். பள்ளிக்கூடம் மூடுவதும் அப்போதுதான். இதைவிட மோசமான பொருத்தம் வேறென்ன வேண்டும்? அது முடிந்தால் ஆனி, ஆடியில் கடலடி என்கிற கொந்தளிப்பு தொடங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை பக்தர்கள் வரும் நேரத்தில் வாடைக்காற்று வட்டக்கோட்டைப் பக்கக் கடலைக் கலக்கும். ஆகவே ‘இப்போது சீசன் இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம்பவேண்டியது கரைக்காரர்களை. கட்டுமரமும் வள்ளமும் கரையில் ஏற்றிக் கிடக்கின்றனவா? மீன்பிடிக்கப் போகவில்லையா? அன்று கடல் பக்கமே போகாதீர்கள். “கடல் சரியில்ல மக்கா, எறங்காத” என்று ஒரு பெரியவர் சொன்னால் அது அதிகாரத்தில் சொல்வது அல்ல; பிணத்தைக் கரைசேர்த்த அனுபவத்தில் சொல்வது. குமரிப் படகு நின்றதா என்று விசாரியுங்கள். நின்றிருந்தால் அதுவே உங்களுக்கும் தடை உத்தரவு. கடல் தகவல் மையத்தின் ‘சமுத்ரா’ செயலியில் அலை எச்சரிக்கையைப் பார்க்க முடியும். கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

ஒருவர் இழுபட்டுவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். அண்ணனைக் காப்பாற்றத் தம்பி, தம்பியைக் காப்பாற்ற அப்பா என்று ஒரே வீட்டில் பல உயிர் போவது இப்படித்தான். கயிறு, காலிக் கேன், டயர் டியூப் என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள். பக்கத்து மீனவர்களைக் கூப்பிடுங்கள். இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வரச் சொல்லிக் கத்துங்கள். மூச்சு நின்றவருக்கு நிமிடங்கள்தான் இருக்கின்றன. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ நாகர்கோவிலையும் தாண்டி ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிறது.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கோட்டை வாசலிலேயே சிவப்புக் கொடி ஏற்றுங்கள். தமிழ், மலையாளம், இந்தி என்று வருகிறவர்கள் படிக்கும் மொழிகளில் பலகை வையுங்கள். படகு நிறுத்திய செய்தி அடுத்த நிமிடமே விடுதிகளுக்கும் வேன் ஓட்டுநர்களுக்கும் போகட்டும்.

வருகிறவர்கள் இந்த எண்களைக் கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்: கடலோரப் பாதுகாப்புக் குழும உதவிக்கு 1093, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.