குழுவின் பாஷையும் தோட்டத்துத் துண்டும்

ஒல்லாந்து தேசத்திலே, ஊர் ஊராகத் திரிந்த சில்லறை வியாபாரிகளும் திருடர்களும், காவலர் காதில் விழுந்தாலும் பொருள் விளங்காதபடி தமக்குள் பேசிக்கொண்ட இரகசிய பாஷைக்குப் 'பார்கூன்ஸ்' என்று பெயர். யூத வணிகர் பேச்சின் வழியாக எபிரேயச் சொற்கள் பல அதில் புகுந்தன. கையைக் குறித்த 'யாத்' திரிந்து திருடுதலைக் குறிக்கும் 'யட்டன்' ஆயிற்று. வீட்டைக் குறித்த 'பாயித்', 'பாயெஸ்' எனச் சிறைச்சாலைக்குப் பெயராயிற்று. அன்று ஒளித்துப் பேசிய இச்சொற்களை இன்று அந்நாட்டுச் சாதாரண ஜனங்களும் கூச்சமின்றி வழங்குகிறார்கள்.

1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கந்தோர், கக்கூசு முதலிய சொற்களை நமக்கு விட்டுச் சென்றனர். ஆனால் குழுப் பேச்சு நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் அதனைக் குழூஉக்குறி என்று வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதையும் உரையாசிரியர் உதாரணம் காட்டுவர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசும் தரகரிடம் அவ்வழக்கம் வாய்ச்சொல்லும் வேண்டாத அளவுக்கு முதிர்ந்துவிட்டது.

எங்கள் கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களிலோ, மறைபொருளில் பேசியவர் எளியவர் அல்லர். இன்ன கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்துக்குப் பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த காகிதமே 'துண்டு'. கங்காணி அதை மடியில் செருகிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவான்; அங்குள்ள துரை பணத்தைக் கட்டுவான்; எழுத்தறியாத தொழிலாளி, தன் கடன் தீராமலே, எஜமானன் மட்டும் மாறியவனாக, மூட்டை முடிச்சோடு மலை ஏறுவான். 1921இல் சட்டம் இம்முறையைத் தடைசெய்தது. ஆட்கள் வேலைக்கு இறங்கிய கணக்கில், தலைக்கு இவ்வளவென்று கங்காணி பெற்றது தலைக்காசு. கொழுந்து நிறை குறைந்தால் நாள் முழுதும் உழைத்தவளுக்கும் அரைநாட் கூலியே எழுதப்படுவது 'அரைப்பேர்'. திருடர் பாஷை காவலரிடமிருந்து திருடரைக் காத்தது. இச்சொற்களோ, பறிகொடுத்தவன் வாயிலேயே வழங்கி, பறித்ததை முறையான கணக்காகக் காட்டின. ஆகவே இவற்றையே நான் கொடிய குழூஉக்குறி என்பேன்.

இறம்பொடை, புசல்லாவைப் பக்கத்து ஆசிரியர்கள், லயங்களில் இன்னும் இருக்கும் முதியோரிடம் இச்சொற்களை அவற்றின் பொருளோடு கேட்டு, மாணவரைக் கொண்டு இவ்வாண்டிலேயே எழுதிவைக்க வேண்டுகிறேன்.